பெயர் சொல்லி அழைக்கும் கடிதம்

யாழ்ப்பாணத்திலே கலியாண அழைப்பிதழ் அச்சகத்திலிருந்து வீட்டுக்கு வந்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை, அப்பொழுதுதான் தொடங்குகின்றது. அழைப்பிதழின் தலைப்பிலே ‘திரு., திருமதி’ என்றிருக்கும். அதன்பின் ஒரு புள்ளிக்கோடு. கோட்டின் முடிவிலே ‘அவர்களுக்கு’ என்றிருக்கும். வீட்டிலே எழுத்து அழகாக உள்ள ஒருவரைத் தேடிப் பிடித்து விறாந்தையில் இருத்துவார்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து பெயர் சொல்லுவார். ‘இவருக்கு மாஸ்ரர் எண்டு போடு’, ‘அவருக்கு டொக்ரர் எண்டு போடாட்டி வரமாட்டார்’, ‘அந்த வீட்டிலை ஐயா மோசம் போயிட்டார், மகன்ரை பேரைப் போடு’ என்று ஒவ்வோர் அழைப்பிதழுக்கும் ஒரு குறிப்பு வரும். அச்சடித்தது ஒன்று, போய்ச் சேர்வன பல, ஒவ்வொன்றின் தலைப்பிலும் ஒரு பெயர்.

இக்காலத்துக் கணினி வகுப்புகளிலே ‘மெயில் மேர்ஜ்’ என்றும் ‘அஞ்சல் இணைப்பு’ என்றும் கற்பிக்கப்படுவது இதுவேயன்றி வேறன்று. புள்ளிக்கோட்டை நிரப்பிய கை போய், அவ்விடத்திற் பொறி வந்திருக்கின்றது. அதனால் இழப்பொன்றுமில்லை. ஆனால், பக்கத்திலிருந்து பெயர் சொன்ன பெரியவரும் அக்கையோடு எழுந்து போய்விட்டார். இக்கட்டுரை பெரும்பாலும் அவரைப் பற்றியது.

கல்லூரியின் விழா ஒன்று அணுகும்போது பழைய மாணவருக்குக் கடிதம் எழுதும் பொறுப்பு எவரிடமாவது வந்து சேரும். சில ஆண்டுகள் அது எம்மிடம் இருந்தது. ஒரு காலத்திலே அக்கடிதங்கள் போகவேண்டிய தூரம் அதிகமில்லை. வண்ணார்பண்ணை, நல்லூர், கொக்குவில், மானிப்பாய். மிஞ்சினாற் கொழும்பிலே வெள்ளவத்தை, மலாயாவிலே கோலாலம்பூர். 1983 ஆம் ஆண்டின் பின்னரும், 1995 ஒக்ரோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிற் பெயர்ந்து சென்ற பின்னரும், விலாசம் என்பது நிலையான பொருளாக இருக்கவில்லை. ஒருவருக்கே தென்மராட்சியில் ஒன்று, வவுனியாவில் ஒன்று, கொழும்பில் ஒன்று, ரொறன்ரோவில் ஒன்று என விலாசங்கள் மாறின. அவர் பிற்காலத்தில் ஒரு மின்னஞ்சல் விலாசம் பெற்றிருந்தால், அது மாத்திரம் அவருடன் கூடவே சென்றது. ஆதலால் நம்மவர் பலரைப் பொறுத்தவரையில் மின்னஞ்சல் என்பது வசதிக்கு மேற்பட்ட ஒன்று. அவரை அடைவதற்கு எஞ்சியுள்ள வழி அது.

ஒரே கடிதத்தைப் பலருக்கு எழுதும் ஆசை கணினியோடு பிறந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே இலண்டனில் டேவிட் கெஸ்ரெற்னர் என்பவர் மெழுகுத்தாள் கொண்டு படியெடுக்கும் முறையைப் பரப்பினார். நம் பள்ளிக்கூடங்களிலே ‘ரோனியோ’ என்று வழங்கியதும் அவ்வினத்துப் பொறியே. பரீட்சை வினாத்தாளும் கூட்ட அறிவித்தலும் மை மணக்க அதிலிருந்து வந்தமை மூத்த வாசகர்க்கு நினைவிருக்கும். ரோனியோ நூறு படிகள் தரும். ஆனால் நூறும் ஒரு தன்மையன. பெயரை எவராவது பேனையால் எழுதவேண்டும். அமெரிக்காவிலே யோசப் டங்கன் என்பவர் 1896 இல் ‘அட்ரசோகிராஃப்’ என்னும் பொறிக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். அவ்வகைப் பொறிகளிலே பிற்காலத்தில் ஒவ்வொரு விலாசத்துக்கும் ஒரு சிறு உலோகத் தகடு இருக்கும். தகட்டைப் பொறியினுட் செலுத்தினால் உறையின்மேல் விலாசம் பதியும். ரோனியோ கடிதத்தைப் பெருக்கிற்று. அட்ரசோகிராஃப் பெயரைப் பதித்தது. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

சந்திப்பு நிகழ்ந்தது காந்த நாடாவிலே. 1964 இல் ஐ.பி.எம். நிறுவனம் காந்த நாடா பூட்டிய தட்டச்சுப் பொறியொன்றை வெளியிட்டது. இரண்டு நாடாக்கள் பூட்டும் வகையிலே ஒரு நாடாவிற் கடிதத்தையும் மற்றையதிற் பெயர் விலாசங்களையும் வைத்து, பொறியே மாறி மாறி இரண்டையும் படித்துத் தட்டச்சுச் செய்யுமாறு அமைக்கலாம். 1970 களின் இறுதியில் வெளிவந்த ‘வேர்ட்ஸ்ரார்’ என்னும் எழுதுசெயலிக்குத் துணையாக ‘மெயில்மேர்ஜ்’ என்ற பெயரிலேயே ஒரு செயலி பின்னர் வந்தது. அப்பெயர் இன்று இத்தொழில் முழுவதற்கும் பொதுப்பெயராய் நிற்கின்றது.

மின்னஞ்சலின் கதை வேறு திசையிலிருந்து வந்தது. 1971 இல் ரே ரொம்லின்சன் என்பவர் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குச் செய்தி அனுப்பினார். ஏழு ஆண்டுகள் செல்லுமுன், 1978 மே மாதத்திலே, கணினி விற்பனையாளராகிய கரி தூர்க் என்பவர் ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை ஒரே முறையில் அனுப்பினார். விலாசத்துக்கென ஒதுக்கிய இடம் போதவில்லை. மிகுதி விலாசங்கள் கடிதத்தின் உடலுக்குள் வழிந்தன. பெற்றவர்கள் முதலிற் கண்டது தம் பெயரையன்று. முன்பின் அறியாத பிறரது விலாசங்களின் நீண்ட வரிசையை. அவர்கள் கோபித்தார்கள். வேண்டாத அஞ்சலின் ஆதிக் கதையென இதனை இன்று சொல்லுவார்கள். எமக்கோ, அஞ்சல் இணைப்பு ஏன் வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல பாடம் கிடைத்ததில்லை.

இனி, செய்முறை. மாணவர் இதனை ஒரு பிற்பகலிற் கற்றுக்கொள்ளலாம்.

வேண்டுவன இரண்டு கோப்புகள். ஒன்று கடிதம், மற்றையது இடாப்பு. இடாப்பினை எக்செல் போன்ற விரிதாளில் அமைக்க வேண்டும். ஓர் ஆளுக்கு ஒரு நிரை. ஒரு செய்திக்கு ஒரு நிரல். முதல் நிரை நிரல்களின் தலைப்புகளுக்கு உரியது. ‘பெயர்’, ‘ஆண்டு’, ‘மின்னஞ்சல்’ என்று தலைப்பிடுக. வேர்ட் செயலியிற் கடிதத்தை எழுதி, அஞ்சல்கள் என்னும் பகுதியிற் சென்று, பெறுநர் இடாப்பு இதுவெனக் காட்டுக. கடிதத்திலே பெயர் வரவேண்டிய இடத்தில் ‘பெயர்’ என்னும் புலத்தைச் செருகுக. அது «பெயர்» என்று இரட்டைக் கோணக் குறிகளுக்குள்ளே தோன்றும். அதுவே நம் பழைய புள்ளிக்கோடு. பின்னர் முன்னோட்டம் பார்த்தால், இடாப்பிலுள்ள முதலாமவர் பெயர் அவ்விடத்தில் வந்து அமரும். அம்புக்குறியை அழுத்த இரண்டாமவர் வருவார். எல்லாம் சரியெனக் கண்டபின் மின்னஞ்சலாக அனுப்பும்படி ஆணையிட்டால், வேர்ட் ஒவ்வொரு கடிதத்தையும் ஆக்கி அவுட்லுக் செயலியிடம் ஒப்படைக்கும்; அது அனுப்பும். ஒவ்வொரு கடிதமும் ஒருவர் பெயரிலே தனியாகப் போகும். வேறு எவருக்குப் போயிற்று என்று அவர் அறியார். இம்முறையில் இணைப்புக் கோப்பு வைக்க இடமில்லை. விழா நிகழ்ச்சி நிரலைக் காட்ட வேண்டின் அது இருக்கும் இடத்துக்கு ஒரு தொடுப்பைக் கடிதத்தில் எழுதிவிட வேண்டும்.

முன்னோட்டத்தில் முதற் பத்துப் பேரைப் பார்த்துத் திருப்தியடைவது வழக்கம். அது போதாது. இடாப்பிலே மிக நீண்ட பெயர் எது, ஓரெழுத்தும் இல்லாது வெறுமையாய்க் கிடக்கும் கட்டம் எது, வேறு எவரோ அனுப்பிய பட்டியலிலிருந்து ஒட்டிய பகுதி எது என்று தேடி, அவ்விடங்களைப் பார்க்க வேண்டும். பிழை எப்பொழுதும் நாம் பாராத நிரையில் இருக்கும்.

எக்செல் செய்யும் சில குறும்புகளையும் இங்கே சொல்லிவிடலாம். யாழ்ப்பாணத்துத் தொலைபேசி இலக்கம் 021 என்று தொடங்குவது. அதனை எண்ணென்று கருதி முன்னிற்கும் பூச்சியத்தை அது விழுங்கிவிடும். அந்நிரலை எழுத்தென்று முன்னரே குறித்துவிட வேண்டும். 03/04 என்ற திகதியை நம் நாட்டிலே ஏப்ரல் மூன்றென்று எழுதுவோம். அமெரிக்க வழக்கில் அமைந்த கணினி மார்ச் நான்கென்று படிக்கும். பெயர் நிரலை மாத்திரம் தெரிந்து அகரவரிசைப்படுத்தினால் வருவது எல்லாவற்றிலும் கொடிது. பெயர்கள் இடம் மாறும். விலாசங்கள் இருந்த இடத்தில் இருக்கும். ஒவ்வொருவர்க்கும் மற்றொருவர் பெயரிற் கடிதம் போகும். எக்செல் இதனை எச்சரிக்கும். அவசரக்காரர் அவ்வெச்சரிக்கையைப் படிப்பதில்லை. எம்மையும் சேர்த்தே சொல்லுகின்றோம்.

தமிழிற் கடிதம் எழுதுவோருக்கு வேறொரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்திலே பெயர் எங்கு நின்றாலும் உருமாறாது. தமிழ்ப் பெயரோ வேற்றுமை ஏற்கும். கடிதத்திலே «பெயர்» என்ற புலத்தை அடுத்து ‘க்கு’ என்று எழுதிவிட்டால், தம்பிக்குத் ‘தம்பிக்கு’ என்று சரியாக வரும். சுந்தரத்துக்குச் ‘சுந்தரம்க்கு’ என்றும், கந்தையாவுக்குக் ‘கந்தையாக்கு’ என்றும், நடராசனுக்கு ‘நடராசன்க்கு’ என்றும் வரும். அத்துச் சாரியையும் வகர உடம்படுமெய்யும் பொறி அறியாதவை. விளிவேற்றுமையோ இன்னும் கடினம். இதற்குப் பெரிய செயல்நிரல் ஒன்றும் வேண்டியதில்லை. கலியாண அழைப்பிதழை அச்சிட்டவர் இதனை முன்னரே தீர்த்து வைத்திருக்கின்றார். புள்ளிக்கோட்டின் பின்னே ‘அவர்களுக்கு’ என்று நிறுத்தினாரே, அது மரியாதைக்கு மாத்திரம் நின்ற சொல்லன்று. பெயரின் மேல் ஏறவேண்டிய உருபைத் தான் வாங்கிக்கொண்டு பெயரை நோகாமல் விட்ட சொல். ‘சுந்தரம் அவர்களுக்கு’, ‘கந்தையா அவர்களே’, ‘நடராசன் அவர்களின்’ என்று எப்பெயரோடும் அது பொருந்தும். ஆண்டைக் குறிக்கும் ‘ஆம்’ என்னும் சொல்லும் அவ்வாறே எந்த இலக்கத்தின் பின்னும் நிற்கும். ஊர்ப்பெயர் மாத்திரம் இணங்காது. நல்லூரில், சுன்னாகத்தில், சாவகச்சேரியில், கொக்குவிலில் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையில் உருபேற்கும். ஆதலால் ஊரை வாக்கியத்தினுள் நுழைக்காது விலாசத்திலே தனி வரியாக விடுவது நலம்.

‘அன்புடையீர்’ என்று பொதுவாக எழுதிவிட்டால் இத்தொல்லை ஒன்றுமில்லையே என்று ஒரு நண்பர் கேட்டார். உண்மை. ஆனால், எழுதுபவருக்கு நம்மைத் தெரியாது என்பதை நாசூக்காகச் சொல்லும் சொல் அது. வரி கேட்கும் கந்தோரும் ‘அன்புடையீர்’ என்றுதான் எழுதுகின்றது.

மற்றோர் எல்லைக்கும் போய்ப் பார்த்தோம். வேர்ட் செயலியிலே நிபந்தனை விதி ஒன்று உண்டு: இன்னது உண்மையெனின் இவ்வாறு எழுதுக, அன்றேல் அவ்வாறு எழுதுக என்று பணிக்கலாம். அதனைக் கொண்டு, காரியதரிசியின் வகுப்புக்கு முன் படித்தவர்களுக்கு ‘அண்ணா’ என்றும் பின் படித்தவர்களுக்குத் ‘தம்பி’ என்றும் எழுதச் செய்தோம். விதி பிழையின்றி நடந்தது. காரியதரிசிக்குச் சித்தப்பா முறையான ஒருவர் வயதில் இளையவர். கல்லூரிக்கும் பிந்தி வந்தவர். அவருக்குத் ‘தம்பி’ என்று போயிற்று. அடுத்த கலியாண வீட்டிலே காரியதரிசி பட்டபாட்டை இங்கே விரிப்பதற்கில்லை. அதன்பின் ‘அவர்கள்’ என்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

எழுத்துருவைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். யூனிக்கோட் முறை 1991 இல் வெளிவந்தபோதே தமிழுக்கு அதில் இடமிருந்தது. எனினும் ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் நெடுங்காலம் வழங்கியது பாமினி எழுத்துருவே. பாமினியிலே கணினியின் உள்ளே கிடப்பவை ஆங்கில எழுத்துகள். மேலே போர்த்த முகம் மாத்திரம் தமிழ். ‘அம்மா’ என்று தட்டினால் உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்பனவே இருக்கும். பாமினி இல்லாத கைத்தொலைபேசியில் அவ்வாறே தோன்றும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி நிற்பதைக் கவனிக்க. சுவிற்சர்லாந்து, யேர்மனி போன்ற நாடுகளின் கணினிகளிலே விரிதாளைச் சாதாரண எழுத்துக் கோப்பாகச் சேமிக்கும்போது நிரலுக்கும் நிரலுக்கும் இடையே போடப்படும் குறியும் பெரும்பாலும் அரைப்புள்ளியே. அத்தகைய கோப்பைச் சரியான மேற்கோட் குறிகள் இன்றிக் கையாண்டால், புள்ளி வந்த இடமெல்லாம் பெயர் வெட்டுண்டு பக்கத்து நிரல்களிற் சிதறும். மெய்யெழுத்து மிக்க பெயர் படைத்தவர் மூன்று நான்கு துண்டாவார். பழைய பட்டியல் எது வந்தாலும் முதலில் யூனிக்கோட்டுக்கு மாற்றிவிட்டே மற்றவற்றைத் தொடுக. சேமிக்கும்போதும் யூ.ரி.எஃப்.-8 என்னும் வகையைத் தெரிக. இன்றேல் தமிழ்ப் பெயர் முழுவதும் கேள்விக்குறிகளாய் மாறும்.

அனுப்பும் வழியிலும் சட்டதிட்டங்கள் உண்டு. இக்கட்டுரை எழுதும் நாளிலே தனியாருக்குரிய ஜிமெயிற் கணக்கொன்றிலிருந்து நாளொன்றுக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப இயலாது. அதனால் இடாப்பைப் பகுதி பகுதியாகப் பிரித்து நாட்களிற் பரப்புதல் வேண்டும். 2024 பெப்ரவரி முதல் கூகிளும் யாகூவும் பெருந்தொகை அஞ்சல் அனுப்புவோருக்கு விதிகளை இறுக்கின. நாளொன்றுக்கு 5,000 க்கு மேல் ஜிமெயில் விலாசங்களுக்கு அனுப்புவோர் தம் அடையாளத்தை நிறுவ வேண்டும். இனி வேண்டாம் என்பவர் ஒரே அழுத்தலில் விலகவும் வழி செய்ய வேண்டும். நம் சங்கம் அத்தொகையை எட்டப்போவதில்லை. ஆயினும் சங்கத்தின் பெயரில் இணையத்தளப் பெயரொன்று இருந்தால், எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். எனப்படும் அடையாளக் குறிப்புகளை விபரம் அறிந்த ஒருவரைக் கொண்டு பதிவு செய்வித்தல் நன்று. பதிவுத் தபாலின் அரக்கு முத்திரை போன்றவை அவை. இன்னாரிடமிருந்து வந்தது, வழியில் உடைக்கப்படவில்லை என்று பெறும் கணினிக்குச் சொல்லும்.

எல்லாருடைய விலாசத்தையும் ஒரே வரியிற் போட்டு அனுப்பும் பழக்கத்தை மாத்திரம் நாம் ஒருபோதும் பொறுக்கமாட்டோம். இடையிலே ஒருவர் ‘அனைவருக்கும் பதில்’ என்பதை அழுத்திவிட்டால் வரும் ஆரவாரத்தைச் சொல்லவில்லை. நம்மவரிலே தாம் எங்கே இருக்கின்றார் என்பதைப் பிறர் அறியலாகாது என்று எண்ணுவதற்குக் காரணமுடையவர் இருந்திருக்கின்றார்கள், இருக்கின்றார்கள். அவர் தம் விலாசத்தைக் கல்லூரிக்குத் தந்தார், உலகுக்குத் தரவில்லை. சட்டமும் இப்பொழுது அதனையே சொல்லுகின்றது. கனடாவின் வேண்டா அஞ்சல் தடைச் சட்டம் 2014 இலும், ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2018 இலும் நடைமுறைக்கு வந்தன. இலங்கையும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஆக்கியிருக்கின்றது.

இவ்வளவும் பொறியின் பக்கம். இனி, பெரியவர் இருந்த இடத்துக்கு வருவோம். அவர் அறிந்திருந்தவற்றையெல்லாம் இடாப்பிலே நிரல்களாக எழுத வேண்டும். எழுதாதது பொறிக்குத் தெரியாது.

முதலாவது, ஆள் யார் என்பது. பெயரைக் கொண்டு ஆளைப் பிரித்தறிய முனைந்தால் இடருண்டு. ஆங்கில எழுத்திலே ஒரே பெயரை ஒருவர் ஒருவிதமாயும் மற்றொருவர் வேறுவிதமாயும் எழுதுவர். கணேசன் என்பவர் ஓரிடத்திலே ‘கே’ எழுத்திலும் மற்றோரிடத்திலே ‘ஜீ’ எழுத்திலும் தொடங்குவார். ஒருவருக்கு இரண்டு கடிதம் போகும். இரண்டு சிவகுமாரன் இருந்தால் ஒருவரை மற்றவரென்று எண்ணி நீக்கிவிடுவோம், அவருக்குப் போகாது. கல்லூரியின் சேர்விடாப்பிலே ஒவ்வொரு மாணவனுக்கும் ஓர் இலக்கம் உண்டு. அதனை முதல் நிரலாக வைக்க வேண்டும். மாணவர் பலர் ஐம்பது ஆண்டு கழிந்தும் தம் சேர்விலக்கத்தை மறவாதிருப்பதை நாம் கண்டிருக்கின்றோம்.

இரண்டாவது, பட்டம். திரு., கலாநிதி, வைத்திய கலாநிதி, பேராசிரியர், சட்டத்தரணி என்பவற்றைக் கடிதத்திலே எழுதிவைக்கலாகாது. இடாப்பிலே தனி நிரலாக்க வேண்டும். வைத்திய கலாநிதியைத் திரு. என்று அழைப்பது பிற ஊர்களிற் சிறு பிழையாக இருக்கலாம்.

மூன்றாவது, எம்மை வருத்தியது. நம் பெயரமைப்பிலே தந்தை பெயர் முன்னே, தன் பெயர் பின்னே. கந்தையாவின் மகன் சிவகுமாரன், க. சிவகுமாரன் ஆவார். வெளிநாட்டுப் பத்திரங்களிலோ முதற்பெயர் என்று ஒரு கட்டம், குடும்பப்பெயர் என்று ஒரு கட்டம். ஒருவர் எழுதிய வரிசைப்படியே நிரப்பிக் கந்தையாவை முதற்பெயர் ஆக்குகின்றார். மற்றொருவர் அதனைக் குடும்பப்பெயராக மாற்றி எழுதுகின்றார். வேறொருவர் தம் பெயரையே குடும்பப்பெயராக்க, பிள்ளைகள் அப்பெயரால் அழைக்கப்படுகின்றார்கள். ஒரே தெருவிலே மூன்று முறையும் வழங்கும். ஆதலால் ‘முதற்பெயர்’ என்ற நிரலை நம்பிக் கடிதம் எழுதலாகாது. ‘விளிப்பெயர்’ என்று ஒரு நிரலை நாமே அமைத்து, அவரை வகுப்பிலே எப்பெயரால் அழைத்தோமோ அப்பெயரை, அறிந்தவரைக் கேட்டு எழுத வேண்டும். இவ்வேலைக்குக் குறுக்குவழி இல்லை. வகுப்புக்கு ஒருவராகப் பிரித்துக் கொடுத்தால் ஒரு மாதத்தில் முடியும். கொடுப்பதற்கு மனம் வேண்டும். இடாப்பைத் தம் பெட்டியில் வைத்துப் பூட்டும் காரியதரிசிகளையும் அறிவோம்.

இந்நிரலை நாம் முன்னரே அமைத்ததில்லை. அமைக்கச் செய்தது ஒரு கடிதம். வெளிநாட்டிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. முதற்பெயர், குடும்பப்பெயர், மின்னஞ்சல் என்று மூன்று நிரல்கள். விழா நெருங்கிவிட்டது. ‘அன்புள்ள «முதற்பெயர்» அவர்களே, தாங்கள் இக்கல்லூரியிற் பயின்ற நாட்களை நினைந்து’ என்று தொடங்கும் கடிதத்தை அப்பட்டியலோடு இணைத்து இரவிலே அனுப்பினோம். காலையிலே பதில்கள் வந்திருந்தன. பலர் சிரித்து எழுதியிருந்தார்கள். தம் தந்தைக்குக் கடிதம் கிடைத்ததாகவும், தமக்குரியது தபாலில் வருகின்றதா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். இன்னொரு பதில் நான்கு வரி. ‘நீங்கள் பெயர் சொல்லி எழுதியிருப்பவர் என் தந்தையார். அவர் காலமாகிப் பல ஆண்டுகள். எங்களை விட்டு இடம்பெயர்ந்த காலத்திலே போனவர். அவரும் உங்கள் கல்லூரியிலே தான் படித்தார். அவர் பெயருக்கு அங்கிருந்து ஒரு கடிதமும் ஒருநாளும் வந்ததில்லை.’

அவருக்கு என்ன எழுதுவது என்று இரண்டு நாள் தெரியவில்லை. வருந்துகின்றோம் என்று எழுதிப் பார்த்தோம்; அது பொறி எழுதியது போலவே இருந்தது. இறுதியில், தந்தையார் எந்த ஆண்டளவிற் படித்தார், எந்த ஊரிலிருந்து வந்தார் என்று மாத்திரம் கேட்டு, கையாலே தட்டச்சுச் செய்து அனுப்பினோம். அவர் ஆண்டை எழுதினார். விளையாட்டுக் குழுவொன்றின் படமொன்றையும் அனுப்பினார். இரண்டாம் வரிசையில் இடமிருந்து மூன்றாமவர் என்று குறித்திருந்தார். எம்மிடமிருந்த பழைய மாணவர் இடாப்பிலே அவ்வாண்டுக்குரிய பகுதியிற் பெயர்கள் மிகக் குறைவு. விலாசம் உள்ளவரை மாத்திரமே அதுவரை எழுதி வந்திருக்கின்றோம். கடிதம் போகாதவர்க்கு நிரை எதற்கென்று எவரும் கேட்டதில்லை.

அவர் பெயரை ஒரு புது நிரையில் எழுதினோம். ஆண்டு எழுதினோம், ஊர் எழுதினோம், மகனின் சேர்விலக்கத்தை உறவு என்ற நிரலிற் குறித்தோம். விளிப்பெயர் என்ற கட்டத்துக்கு வந்தபோது மறுபடியும் மகனைக் கேட்டோம். குழுவிலே அவரை அழைத்த பெயரை எழுதி அனுப்பினார், அதனையும் பதிந்தோம். மின்னஞ்சல் என்ற கட்டம் வெறுமையாக இருக்கின்றது. ‘அனுப்புக’ என்ற நிரலில் ‘இல்லை’ என்று எழுதினோம்.